தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வேலை இழந்த பொற்கொல்லர்களும்

பொருளியல் பாடப் புத்தகங்களில் வேலையின்மையைப் பல வகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பருவகால வேலையின்மை, மறைமுக வேலையின்மை, அமைப்புசார் வேலையின்மை, வாணிபச் சுழற்சியால் வரும் வேலையின்மை... எல்லாம் தேர்வில் தவறாமல் வரும் கேள்விகள். ஆனால் இந்தப் பட்டியலில் எதிலும் சரியாக அடங்காத ஒரு வகை உண்டு. மழை பொய்க்கவில்லை. இயந்திரம் வந்து தொழிலைப் பிடுங்கவில்லை. வாங்குகிறவர்கள் கையில் காசும் இருக்கிறது. ஆனாலும் வேலை இல்லை. காரணம், அந்த வேலையைச் செய்யக்கூடாது என்று அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்துவிட்டது!

சுதந்திர இந்தியாவில் இதற்கு ஒரு தெளிவான உதாரணம் 1963ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள். நாடு முழுவதும் லட்சக்கணக்கான பொற்கொல்லர் குடும்பங்கள் நம்பியிருந்த தொழில் அநேகமாக ஒரே வாரத்தில் நின்று போனது. இதைச் செய்தவர்கள் யாருக்கும் பொற்கொல்லர்கள் மேல் கோபம் கிடையாது. அவர்கள் குறிவைத்தது வேறு ஒன்றை.

குறி எதுவென்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1947லிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் தங்க இறக்குமதிக்குத் தடை இருந்தது. இந்தியாவில் வெட்டி எடுக்கப்படும் தங்கமோ மிகக் குறைவு. கோலார் சுரங்கத்தை விட்டால் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கல்யாணம் நிற்குமா? தாலிக்குத் தங்கம் வேண்டும், மகளுக்கு நகை போட வேண்டும். தேவை இருக்கிறது, சட்டப்படி வரத்து இல்லை. விளைவு, உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 35 டாலர் (10 கிராமுக்கு சுமார் 53 ரூபாய் 58 பைசா) விலையில் கிடைத்த தங்கம் இந்தியாவில் 1962 வாக்கில் ஏறத்தாழ 120 ரூபாய்க்கு விற்றது. இரண்டு மடங்குக்கும் மேல். கடத்தல்காரனுக்கு இதைவிட நல்ல அழைப்பு வேறு என்ன வேண்டும்?

பாரசீக வளைகுடாவிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் படகு படகாகத் தங்கம் வந்தது. அந்தக் காலத்தில் துபாய், குவைத் பக்கமெல்லாம் இந்திய ரூபாய்தான் செலாவணி. கடத்தல் தங்கத்துக்கு விலையாகப் போன ரூபாய் நோட்டுகள் வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கே திரும்பி வந்து, பதிலுக்கு ஸ்டெர்லிங் பவுண்டாக மாறிப் போய்க்கொண்டிருந்தன. இதைத் தடுக்கத்தான் 1959ல் ரிசர்வ் வங்கி, வளைகுடாவில் மட்டும் செல்லுபடியாகும் தனி ரூபாய் நோட்டையே அச்சடித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின்போது அந்நியச் செலாவணி கரைந்து கொண்டிருந்த நேரம் அது. இயந்திரம் வாங்க வேண்டிய பணம் கழுத்துச் சங்கிலியாகப் போகிறதே என்ற கவலை டெல்லியில் இருந்ததில் தவறில்லை.

1962 அக்டோபரில் சீனப் போர். நாடெங்கும் பெண்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கு நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். நவம்பரில் தங்கப் பத்திரம் அறிவித்தார். தங்கத்தை அரசிடம் கொடுத்தால் 15 ஆண்டுப் பத்திரம், வட்டி ஆறரை சதவீதம். தங்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு தங்கத்துக்குப் போட்ட மதிப்பு உலக விலையான 53 ரூபாய் 58 பைசா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 கிராமுக்கு ஆண்டு வட்டி சுமார் மூன்றரை ரூபாய். 15 ஆண்டுக்கு 52 ரூபாய். அசலும் வட்டியும் சேர்த்து 106 ரூபாய். அதே தங்கத்தை அன்றைக்கே கடைத்தெருவில் விற்றால் 120 ரூபாய்! போர் உணர்ச்சியில் வளையலைத் தானமாகக் கொடுத்தவர்கள்கூட இந்தப் பத்திரத்தின் பக்கம் அதிகம் வரவில்லை. வந்து சேர்ந்தது சுமார் 16 டன்தான்.

கேட்டு வாங்க முடியாததைச் சட்டம் போட்டு மாற்றலாம் என்று அடுத்த அடி. 1963 ஜனவரி 9 அன்று, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் ஒரு பகுதியாகத் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் அறிவிக்கப்பட்டன. நகை அல்லாத தங்கத்தை எல்லோரும் அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வியாபாரிகளுக்கு லைசென்ஸ். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இனிமேல் 14 காரட்டுக்கு மேல் தரமுள்ள நகை செய்யவே கூடாது. பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்தாலும் அதே 14 காரட்தான்.

நம் ஊரில் நகை என்றால் 22 காரட். அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 14 காரட்டில் 58.3 பங்குதான், மீதி செம்பும் வெள்ளியும். ஒரு பவுன் (8 கிராம்) நகையில் முன்பு 7.3 கிராம் சுத்தத் தங்கம் இருந்தால், இனி 4.7 கிராம் இருக்கும்.

இந்த இடத்தில் அரசின் யோசனையை நியாயமாகப் பார்க்க வேண்டும். ஏட்டளவில் அது முட்டாள்தனம் அல்ல. ஒரு சங்கிலி செய்ய ஒரு பத்தருக்கு எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள்தான் 14 காரட் சங்கிலிக்கும் ஆகும். ஆகவே தங்கத்தின் தேவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும், விலை இறங்கும், கடத்தலில் லாபம் போய்விடும், ஆனால் கூலி வேலை மட்டும் அப்படியே இருக்கும். மேல்நாடுகளில் 14 காரட் நகை சாதாரணம்தானே? இதுதான் கணக்கு. வேலை போகும் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

கணக்கு எங்கே தவறியது? நகையை அவர்கள் அணிகலன் என்று நினைத்தார்கள். வாங்குகிறவர்களுக்கு அது சேமிப்பு. வங்கிக் கிளையே இல்லாத ஊர்களில், சொந்தப் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களுக்கு அது ஒன்றுதான் சொத்து. நாளைக்கு அடகு வைக்க வேண்டும், விற்க வேண்டும், பேத்திக்கு அழித்துச் செய்ய வேண்டும். 22 காரட் நகையைக் கொண்டுபோய் 14 காரட்டாக மாற்றிக் கொண்டு வருவது, சேமிப்பில் செம்பைக் கலப்பது போலத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. கறுத்துப் போகும், அடகுக் கடையில் மதிக்க மாட்டார்கள் என்ற பயம் வேறு. 14 காரட்டை வாங்குவதா வேண்டாமா என்று மக்கள் ரொம்ப யோசிக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டார்கள். புது நகை வேண்டாம், இருப்பதைப் போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள்.

அவர்களுக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. பெட்டியில் இருக்கும் நகை பெட்டியிலேயே இருக்கும். ஆனால் பத்தர்?

பத்தருடைய தொழிலைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் திண்ணையிலோ கடைக்குப் பின்னால் ஓர் இருட்டு அறையிலோ ஒரு பட்டறை. குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், உரைகல், சின்னச் சுத்தியல், கொறடு, ஒரு தராசு. இவ்வளவுதான் முதலீடு. தங்கம் அவருடையது அல்ல. வாடிக்கையாளர் கொடுப்பது அல்லது நகைக்கடைக்காரர் கொடுப்பது. அவருக்குக் கிடைப்பது செய்கூலி. ஆர்டர் இருந்தால் அன்றைக்குச் சோறு. இன்னொன்று, 14 காரட் உலோகம் கடினமானது. 22 காரட்டை முடிபோல் இழுத்து, தகடாகத் தட்டி, மெல்லிய வேலை செய்து பழகிய கைக்கு அது வசப்படவில்லை. பற்றவைக்கும் பொடி வேறு, சூடு வேறு, மெருகு வேறு. தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைத்திறனுக்கு அரசு ஒரே நாளில் மதிப்பில்லாமல் செய்துவிட்டது.

நேரத்தையும் பாருங்கள். ஜனவரி 9 என்றால் மார்கழி முடியப் போகிறது. இன்னும் ஐந்து நாளில் தை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆகவே பத்தருக்கும் வேலை குறைவு. தை பிறந்தால் பங்குனி வரை முகூர்த்தம். மந்தமான மாதத்தைக் கடன் வாங்கி ஓட்டிவிட்டு, தையில் அடைப்பதுதான் வழக்கம். 1963ல் தை பிறந்தது, வழி பிறக்கவில்லை.

பத்தர் ஒருவர் மட்டும் இதில் இல்லை. கல் பதிப்பவர், கம்பி இழுப்பவர், மெருகு போடுபவர், எடுபிடிப் பையன்கள், கடைசியில் நகைத்தெருச் சாக்கடை மண்ணை அலசித் துளித் தங்கம் பொறுக்கிப் பிழைப்பவர்கள் வரை ஒரு சங்கிலி உண்டு. முதல் கண்ணி அறுந்தால் எல்லாம் அறுந்தது. மதுரை, கும்பகோணம், கோவை என்று இல்லை. வங்காளம், குஜராத், மகாராஷ்டிரம் எங்கும் இதே கதைதான். பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வரத் தொடங்கின. நாடாளுமன்றத்தில் அந்தத் தற்கொலைகளைப் பற்றி எதிர்க்கட்சியினர் திரும்பத் திரும்பக் கேள்வி எழுப்பினார்கள்.

இப்படி வேலை இழந்தவர்களைப் புள்ளிவிவரத்தில் பிடிப்பதும் கஷ்டம். ஆலை மூடினால் இத்தனை பேருக்கு வேலை போனது என்று எண்ணிச் சொல்லலாம். பத்தரை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. அவர் தினமும் பட்டறையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆர்டர் மட்டும் வரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவர் பெயர் இருக்காது. ஏட்டில் அவர் ‘சுயதொழில் செய்பவர்’.

அரசு சும்மா இருக்கவில்லை, மறுவாழ்வுத் திட்டம் போட்டது. வேறு தொழில் தொடங்கக் கடன், வேறு வேலைக்குப் பயிற்சி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று சில ஏற்பாடுகள். நல்ல எண்ணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாற்பது வயது வரை நெல்லளவு தங்கத்தில் பூ வேலை செய்தவரிடம் வேறு தொழில் கற்றுக்கொள் என்றால்? கடன் வாங்கிக் கடை வைக்கத் தெரிந்திருந்தால் அவர் முன்பே வைத்திருப்பாரே. தொழிலை நிறுத்த ஓர் அறிவிப்பு போதும். புதுத் தொழிலை உண்டாக்க அறிவிப்பு போதாது என்பது டெல்லிக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மாற்றம் அரசியல் வழியாக வந்தது, அதுவும் தமிழ்நாட்டுத் தொடர்போடு! 1963 ஆகஸ்டில் காமராஜர் திட்டம். மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்ற அந்தத் திட்டத்தில் பதவி இழந்த மத்திய அமைச்சர்களில் மொரார்ஜியும் ஒருவர். அடுத்து நிதியமைச்சரானவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. வந்தவுடன் செப்டம்பரிலேயே விதியைத் தளர்த்தினார். வாடிக்கையாளர் கொடுக்கும் பழைய நகையை அழித்து, 14 காரட் வரம்பு இல்லாமல், சொந்தமாகத் தொழில் செய்யும் பொற்கொல்லர் புதிதாகச் செய்து கொடுக்கலாம்.

இந்தத் தளர்வு யோசிக்க வைக்கிற ஒன்று. பழைய நகையை அழித்துச் செய்வதற்கு ஒரு குன்றிமணி தங்கம்கூட வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி ஒரு பைசா செலவில்லை. பத்தர்களின் வேலையில் கணிசமான பங்கு இந்த மாதிரி வேலைதான். அப்படியென்றால் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை எட்டு மாதம் அந்த வேலையைத் தடுத்து வைத்ததில் அரசுக்கு என்ன மிச்சமானது? கடத்தலோடு சம்பந்தமே இல்லாத வேலை, கடத்தலைத் தடுக்கும் விதியில் மாட்டிக்கொண்டது. விதியை எழுதும் முன் ஒரு பட்டறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆனாலும் 14 காரட் வரம்பு முழுசாகப் போக இன்னும் மூன்று வருடம் ஆனது. 1966ல் பொற்கொல்லர்கள் டெல்லியில் போராடினார்கள், சிறைக்கும் போனார்கள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல். இந்திரா காந்தி அரசு 1966 நவம்பரில் வரம்பை நீக்கியது. தேர்தல் இல்லாவிட்டால் நீக்கியிருப்பார்களா என்று கேட்டால், சந்தேகம்தான்.

கதை அதோடு முடியவில்லை. 1967ல் மொரார்ஜி துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் திரும்பி வந்தார். 1968ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிரந்தரச் சட்டமாகவே நிறைவேறியது. காரட் வரம்பு இல்லை, பதிலாகக் காகிதம். பொற்கொல்லர் சான்றிதழ் வாங்க வேண்டும். கையில் வைத்திருக்கும் தங்கத்துக்கு வரம்பு. வந்த தங்கம், போன தங்கம் எல்லாவற்றுக்கும் கணக்கு. அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து சோதிக்கலாம். அதே சட்டத்தில் ஒரு குடும்பம் 4000 கிராம் வரை, தனி ஆள் 2000 கிராம் வரை நகை வைத்திருந்தால் அரசுக்குச் சொல்லவே வேண்டாம்! அதாவது 500 பவுன் வைத்திருக்கும் வீடு நிம்மதியாகத் தூங்கலாம். அந்த வீட்டுக்கு மூக்குத்தி செய்து கொடுக்கும் பத்தர் கிராம் கணக்கு எழுத வேண்டும். ‘தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்’ என்று ஒரு பொல்லாத பழமொழி நம்மிடம் உண்டு. அந்தப் பழமொழியின் சந்தேகம் அப்படியே சட்டத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது போல இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1969ல் சில பிரிவுகளை ரத்து செய்தது, ஆனால் சட்டம் செல்லும் என்றது.

சரி, கடத்தலாவது நின்றதா? இல்லை. தொழில் வெளிச்சத்தில் நடக்க முடியாமல் போனதும், தங்கத்துக்கு ரசீது இல்லாத ஒரு சந்தை பெருகியது. 1960களும் 70களும்தான் பம்பாய்க் கடத்தல் ராஜ்ஜியத்தின் பொற்காலம் (வேறு வார்த்தை கிடைக்கவில்லை!). கடத்தல் வழக்குகளில் பெயர் அடிபட்டு 1970களில் சிறை வைக்கப்பட்ட ஹாஜி மஸ்தான், ராமநாதபுரம் பக்கத்துப் பனைக்குளத்தில் பிறந்தவர். சட்டம் யாரை ஒழிக்க வந்ததோ அவர்கள் வளர்ந்தார்கள், யாரைப் பற்றி அது நினைக்கவே இல்லையோ அவர்கள் விழுந்தார்கள். 1978ல் மொரார்ஜி பிரதமராக இருந்தபோது, விலையை இறக்குவதற்காக ரிசர்வ் வங்கி மூலம் அரசுத் தங்கமே சுமார் 13 டன் ஏலம் விடப்பட்டது. அப்போதும் விலை இறங்கவில்லை.

கடைசியில் 1990ல் வி.பி.சிங் அரசின் நிதியமைச்சர் மது தண்டவதே சட்டத்தை ரத்து செய்வதாக பட்ஜெட்டில் அறிவித்தார், அந்த ஆண்டு ஜூனில் சட்டம் போனது. 27 வருடம். 1963ல் ஊதுகுழலைக் கீழே வைத்தவரின் மகன் வேறு வேலைக்குப் போயிருப்பான், பேரனுக்குப் பட்டறை தெரியாது.

அதற்குப் பிறகு அரசு தங்கத்தை விட்டுவிடவில்லை. தடைக்குப் பதில் வரி என்று கருவி மாறியது. இறக்குமதி வரி 2012 ஜனவரியில் 2 சதவீதமாக இருந்தது, 2013 ஆகஸ்டில் 10 சதவீதம் ஆனது. இறக்குமதி செய்யும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை நகையாக ஏற்றுமதி செய்தே ஆக வேண்டும் என்று 80:20 விதியும் வந்தது. காரணம் பழையதுதான், அந்நியச் செலாவணி. விமான நிலையங்களில் தங்கம் பிடிபடுவது மறுபடியும் தினசரிச் செய்தியானது. 80:20 விதி 2014 நவம்பரில் கைவிடப்பட்டது.

2016 பட்ஜெட்டில் நகைகளுக்கு ஒரு சதவீத உற்பத்தி வரி போடப்பட்டது. 1963 போல இல்லாமல் இந்த முறை அரசு முன்யோசனையோடு இருந்தது என்றே சொல்ல வேண்டும். கூலிக்கு நகை செய்து கொடுக்கும் கைவினைஞர் வரி கட்ட வேண்டாம், பதிவும் செய்ய வேண்டாம். சின்னக் கடைகளுக்கும் விலக்கு. பொறுப்பு பெரிய கடைக்காரருக்குத்தான். சோதனை, அலைக்கழிப்பு வரும் என்று பயந்த நகைக்கடைக்காரர்கள் மார்ச் 2 முதல் கடையடைப்பில் இறங்கினார்கள். பல ஊர்களில் அது ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. கடைக்காரரிடம் சரக்கு பத்திரமாக இருந்தது. வரியே இல்லாத பத்தருக்குத்தான் அந்த நாட்களில் செய்கூலி வரவில்லை.